நின்றுகொண்டு தின்றது

சித்தூர்
9-2-2025

அன்பு மச்சான் நாராயணசாமிக்கு,

சண்முகம் எழுதுவது. இங்கே நான் நலம், உன் தங்கச்சி சுந்தரி நலம், பிள்ளைகள் நலம், மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நான் பார்க்கிற பாய்லரும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். அடைப்பை எடுத்து நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவனை நலமா என்று கேட்டால், கேட்கிறவனுக்குத்தான் புத்தி இல்லை. ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருக்கிறதா? அதை மட்டும் சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். மூன்று தரம் போன் செய்தேன். மூன்று தரமும் உன் அக்கா தாட்சாயணிதான் எடுத்தாள். "தம்பி தூங்கறான். உன்கூடப் பேசினா சிரிப்பான், சிரிச்சா நெஞ்சு வலிக்கும், வெச்சிடு" என்றாள். அக்கா புத்தூரில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரிதான் தெரியும். பாலசமுத்திரத்தில் நான் நாலாவது வரைக்கும் படித்த தமிழ் ஐம்பத்தொரு வயதில்தான் உதவிக்கு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று வராந்தாவில் அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. "சித்தூர்க்காரி எண்ணெயும் காரமுமா கொட்டிக் கொட்டி என் தம்பி நெஞ்சை அடைச்சிட்டா" என்றாள். அந்தச் சித்தூர்க்காரி என் தங்கச்சி வள்ளி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரே பந்தலில் இரண்டு தாலி கட்டினோம். உன் தங்கச்சி எனக்கு, என் தங்கச்சி உனக்கு. அங்கே வள்ளியைச் சொன்னால் இங்கே சுந்தரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறாள்.

வள்ளி மேல் குற்றம் இல்லை என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு மச்சான். ஜீப் ஓட்டும்போது எதிரே வருகிறவனை எல்லாம் எத்தனை வார்த்தை சொல்லியிருக்கிறாய். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

வேளைக்கு மாத்திரை போடு.

உன்னைச் சிரிக்க வைத்தே தீருவேன் என்றிருக்கும்
சண்முகம்


திருப்பதி
21-2-2025

மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

நாராயணசாமி எழுதிக்கொண்டது. உடம்பு பரவாயில்லை. வீட்டுக்குள் நடக்கிறேன். தங்கச்சி சுந்தரிக்கு என் ஆசி. உன் கடிதத்தை அக்கா பிரித்து, வெகு நேரம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

நீ நினைப்பது போல இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்கவில்லை. வள்ளியைப் பார்த்து, வீட்டில் என்னம்மா சமைக்கிறாய் என்று தெலுங்கில் கேட்டார். வள்ளி வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள். கறி, கோங்குராக்கீரை ஊறுகாய், கடலை எண்ணெய் என்று வரிசையாகச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். வள்ளி என்னைப் பார்த்தாள். எனக்கு மூக்கில் குழாய் இருந்தது.

நான் தேறும் வரைக்கும் சமையல் அக்கா பொறுப்பு. வள்ளி அடுப்படிக்கு வர வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாளைக்குத்தான். வள்ளி ஒன்றும் சொல்லவில்லை. இது பெண்கள் விஷயம், நீ நடுவில் வராதே.

உப்பில்லாத சோறுதான் கிடைக்கிறது. பழகிக்கொண்டிருக்கிறேன்.

நா. நாராயணசாமி


சித்தூர்
6-3-2025

உப்பில்லாத மச்சானுக்கு,

உப்புப் போட்டுத் தின்னும் சண்முகத்தின் வணக்கம். எல்லாரும் சௌக்கியம். உன் நடை வாசல் வரைக்கும் வந்ததா, தெருமுனை வரைக்கும் வந்ததா?

பெண்கள் விஷயம் என்று எழுதியிருக்கிறாய். அடைத்தது உன் நெஞ்சு, அது எப்படிப் பெண்கள் விஷயமாகும்? நீ சும்மா இரு. வள்ளிக்காக நானே சாட்சி தேடிவிட்டேன்.

திங்கட்கிழமை எங்கள் ஃபேக்டரிக்கு தரணி என்று ஒரு பெண் வந்தாள். கையில் பலகை மாதிரி போன். ஏதோ ஆராய்ச்சியாம். நாற்பதிலிருந்து அறுபது வயது ஆம்பிளைகளில் சித்தூரில் ஐந்நூறு பேர், திருப்பதியில் ஐந்நூறு பேர். இந்த ஊரான் என்ன தின்கிறான், அந்த ஊரான் என்ன தின்கிறான், எவன் நெஞ்சு சீக்கிரம் கெடுகிறது என்று பார்க்கிறார்களாம். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க அங்கிள்?"

"கேவுரு களி, வேர்க்கடலைச் சட்னி."

"மத்தியானம்?"

"கேரியர்ல சோறு, கீரை. என் பொண்டாட்டி வாரத்துல அஞ்சு நாள் கீரைதான் போடுவா."

"ராத்திரி?"

"மிச்சம் இருக்கிற களி. அங்கிள்னு கூப்பிடாம இருந்தா இன்னும் ஒரு உருண்டை துன்னுவேன்."

சிரித்துவிட்டாள். எழுதிக்கொண்டாள். மாரில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் தாள் வரும். வந்ததும் உனக்கு அனுப்புகிறேன், அக்காவிடம் காட்டு. படம் எந்த மொழியாக இருந்தாலும் புரியும்.

மூன்று வேளையும் சோறு, நெய் ஊற்றிய பருப்பு, எண்ணெய் மிதக்கிற ஊறுகாய் என்று இருப்பது உங்கள் திருப்பதி. வள்ளி சித்தூரிலிருந்து களி கிண்டுகிற களிக்கோலைத்தான் கொண்டுவந்தாள். அதை மூலையில் சாத்தியது யார்? நீங்கள்தானே?

இரும்பு நெஞ்சுக்காரன்
சண்முகம்


திருப்பதி
2-4-2025

மாப்பிள்ளைக்கு,

நலமா? பத்து நாள் என்றாய், ஒரு மாதம் ஆகப்போகிறது. தாள் வந்ததா? வள்ளி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அவள் வேறு எதுவும் என்னிடம் கேட்பதில்லை.

அக்கா இங்கேயே தங்கிவிடுவாள் போல இருக்கிறது. மிளகாய்த்தூள் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். வள்ளி தண்ணீர் பிடித்து வைக்கிறாள், துணி துவைக்கிறாள். சமைக்கிற நேரத்தில் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறாள்.

நேற்று அவள் காதில் விழும்படி அக்கா சொன்னாள்: "நான் வரும்போதெல்லாம் என் தம்பி சட்டையில தலைக்கறி வாசனை அடிக்கும். இவ சமைக்கலைன்னா எங்கிருந்து வந்துது?" நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

தாளை அனுப்பு. இல்லாவிட்டால் என்ன என்றாவது எழுது.

நாராயணசாமி


சித்தூர்
17-4-2025

அன்பு மச்சானுக்கு,

கும்பிடு. எல்லாரும் நலம். வெயில் மட்டும் நலமில்லை.

இந்த வருஷம் மாமரத்தில் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வரும் என்கிறார்கள். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தோம். சுந்தரி மூன்று சுற்று சுற்றினாள். நான் வெளியே செருப்புக்குக் காவல் இருந்தேன். செருப்புக்கும் சாமிக்கும் யாராவது ஒருவர் காவல் வேண்டாமா?

சைக்கிளைப் பெரியவனிடம் கொடுத்துவிட்டேன். ஃபேக்டரிக்குப் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸில் ஊர்க்கதை கேட்கலாம்.

அந்தத் தாளில் ஒன்றும் பெரிதாக இல்லை. எங்கேயோ வைத்தேன், தேட வேண்டும்.

இடது கை வலிக்கிறது. அதனால் கடிதத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

சண்முகம்


திருப்பதி
24-4-2025

சண்முகம்,

நீ எழுதுவது வலது கையால்.

எனக்கும் கைவலியில்தான் தொடங்கியது. டிசம்பரில் இடது கை. கியர் போட்டுப் போட்டு வலிக்கிறது என்று வள்ளியிடம் சொன்னேன், அவள் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். பொங்கலுக்கு மறுவாரம் ஆஸ்பத்திரி.

தாளில் என்ன இருக்கிறது?

நாராயணசாமி


சித்தூர்
20-5-2025

மச்சானுக்கு,

நாலாவது படித்தவனை நீ இப்படி மடக்கக்கூடாது. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன்.

தாளைப் பார்த்ததும் தரணியே போன் செய்தாள். வேலூருக்குப் போகச் சொன்னாள். கொய்யாக்கன்று வாங்கப்போகிறேன் என்று சுந்தரியிடம் சொல்லிவிட்டுப் போனேன். மணிக்கட்டில் ஊசி போட்டு, மருந்து விட்டு, டிவியில் என் நெஞ்சை எனக்கே காட்டினார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. உடனே படு என்றார்கள். மாம்பழம் முடியட்டும் என்று வந்துவிட்டேன். கொய்யாக்கன்றும் வாங்கினேன், துளிர்விட்டிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்தத் தாளை உன் அக்காவிடம் காட்டினால் அன்றைக்கே வாயை மூடுவாள். சித்தூர்க்காரி சமைத்துத் தம்பிக்கு அடைத்தது என்றால், அக்காவுடைய சொந்தத் தங்கச்சி சமைத்து எனக்கு எதனால் அடைத்தது? நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்டால் வள்ளியை மாடிப்படியிலிருந்து எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் சுந்தரியை உட்கார வைத்ததாக ஆகும். எனக்குக் கை வரவில்லை.

இப்போது வேறொன்று சொல்கிறேன். போன வாரம் தரணி வீட்டுக்கு வந்தாள். ஆராய்ச்சிக்கு அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்றாள். சுந்தரி பெருமையாக எண்ணெய்க் கேனைக் காட்டினாள். நாலு பேருக்கு மாதம் இரண்டு லிட்டர். தரணி எழுதிக்கொண்டாள். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பதிலும் உங்க ரத்தமும் பொருந்தல அங்கிள். வெளியில என்ன சாப்பிடறீங்க?"

"வெளியில நான் இன்னாத்த சாப்பிடறேன்? மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான்."

"டீக்கடையில?"

"டீ."

"டீயோட?"

"ரெண்டு போண்டா. அது சாப்பாட்டுல சேர்த்தியாம்மா? நின்னுக்கினு துன்றது."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நம் பக்கத்து ஆம்பிளைகளுக்கு, தட்டு வைத்து உட்கார்ந்து பெண்டாட்டி பரிமாறினால்தான் சாப்பிட்டது. நின்றுகொண்டு பேப்பரில் வாங்கித் தின்றது வாய்க்குள் போனதாகவே நாம் சொல்வதில்லை. பொய் சொல்ல நினைத்துச் சொல்லாமல் இல்லை மச்சான். சத்தியமாக நினைவே வராது. இங்கே ஐந்நூறு பேர், அங்கே ஐந்நூறு பேர், எல்லாரும் பெண்டாட்டி சமைத்ததை மட்டும் ஒப்பித்திருப்போம். ஆயிரம் பெண்களை மாட்டிவிட்டிருக்கிறோம்.

என்னுடையதைச் சொல்கிறேன். பாய்லர் மூட்டியதும் டீ, போண்டா இரண்டு. பத்து மணிக்கு கேட் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி, யாராவது வாங்கிக் கொடுத்தால் மசால் வடையும். நாலு மணிக்கு மறுபடி. இடையில் பீடி, அதை எண்ணினதில்லை. சனிக்கிழமை பிரியாணி. அன்றைக்குச் சுந்தரி கொடுத்த கீரை ஃபேக்டரிப் பசுமாட்டுக்கு. அந்த மாட்டின் நெஞ்சைப் படம் எடுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

உன்னுடையதும் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் யசோதாவின் தள்ளுவண்டி, இட்லி, தலைக்கறி. நானே பக்கத்தில் நின்று தின்றிருக்கிறேன். அப்படியிருந்தும் பிப்ரவரியில் உனக்கு எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை, பார்.

இதை அக்காவிடம் படித்துக் காட்டு. நானே வந்து சொன்னால் தங்கச்சிக்காகப் பேசுகிறேன் என்பாள். நீ படித்தால் வேறு. படிக்க மாட்டாய் என்றால் வள்ளியை நான் வந்து சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இரும்பு என்று சொன்ன வாயால் உண்மை சொல்லும்
சண்முகம்


திருப்பதி
2-6-2025

அண்ணாவுக்கு வள்ளி எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன். கடிதத்தை அவர் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் மறந்துவிட்டது.

நான் சித்தூருக்கு வர மாட்டேன். வந்தால் தப்பு செய்தவள் போய்விட்டாள் என்று ஆகும். இது என் வீடு, என் அடுப்பு. நான் உட்கார்ந்திருக்கிற படியும் என்னுடையதுதான். இந்த நாலு மாதமும் நான் பேசாமல் இருந்தது பயத்தினால் இல்லை. டாக்டர் கேட்டபோது பேச வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பேசட்டும் என்று இருக்கிறேன். எனக்காக நீ பேசாதே.

ஒன்று மட்டும் செய். சுந்தரி அண்ணியிடம் உன் அடைப்பைச் சொல். அங்கே மறைத்துவிட்டு இங்கே நியாயம் பேசினால் நான் உன் கடிதத்தை இனிமேல் பிரிக்க மாட்டேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

வள்ளி


திருப்பதி
16-6-2025

மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதம் மடித்து மடித்துக் கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து முழுவதையும் படித்தேன். வள்ளி படியில் இருந்தாள், கதவு திறந்திருந்தது. அக்கா கேட்டுவிட்டு, "பொண்டாட்டியக் காப்பாத்தறதுக்கு ரெண்டு பேரும் கதை கட்டறீங்களா?" என்றாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆட்டோ வைத்து அக்காவை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். யசோதா தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"ஜீப்பண்ணா! அஞ்சு மாசமா ஆளையே காணோமே, போய்ச் சேர்ந்துட்டியோன்னு நெனைச்சுக்கினு இருந்தேன். தலைக்கறி எப்பவும் போல ரெண்டு ப்ளேட்டா?"

அக்கா கேட்டாள்: "எப்பவும் போலன்னா?"

"பத்து வருஷமா இதானேம்மா. காலையில பத்து மணிக்கு ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. வீட்டுல சம்சாரம் உப்பும் எண்ணெயும் கொறைச்சுட்டா, நாக்கு செத்துப்போச்சும்பாரு பாவம். நான்தான் உயிர் குடுத்து வெச்சிருக்கேன்."

அக்கா அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்:

"இதை அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"மூக்குல குழாய் இருந்துதுக்கா."

"மூக்குலதானே இருந்துது."

அக்கா வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தாள், கரண்டியையும் எடுத்தாள், இரண்டையும் கொண்டுபோய்ப் படியில் வள்ளி பக்கத்தில் வைத்தாள். வள்ளி அவற்றைத் தொடவில்லை. எழுந்து உள்ளே வந்து, தட்டை எடுத்து வைத்துக் கூடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பசிக்குது. யாராச்சும் சமைச்சுப் போட்டா துன்னுவேன்" என்றாள்.

நான் உப்புமா கிண்டினேன் மாப்பிள்ளை. அக்கா வெங்காயம் நறுக்கினாள். அடிப்பிடித்துவிட்டது. வள்ளி மீதி வைக்காமல் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மறுநாள் காலையில் அவளே அடுப்பைப் பற்றவைத்தாள், யாரும் சொல்லவில்லை. மூலையில் இருந்த களிக்கோலையும் கழுவி வைத்திருக்கிறாள். அக்கா நேற்று புத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

என் பங்கை நான் செய்துவிட்டேன். மாம்பழத்தைச் சாக்குச் சொல்லாதே.

நாராயணசாமி


சித்தூர்
14-7-2025

அருமை மச்சானுக்கு,

சண்முகம் உயிரோடு எழுதுவது. ஸ்பிரிங் வைத்தாகிவிட்டது. எனக்கு இரண்டு, உனக்கு ஒன்றுதான். இதிலும் சித்தூர்தான் ஜெயித்தது என்று ஊரெல்லாம் சொல். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? வள்ளியின் களி உருண்டை உன் தொண்டையில் இறங்குகிறதா?

சுந்தரியிடம் சொன்னேன். கொய்யாக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடைப்பைச் சொன்னேன், போண்டாவைச் சொன்னேன், பசுமாட்டையும் சொன்னேன். "கன்னு வாங்கப் போனேன்னு சொன்னது?" என்றாள். அதையும் சொன்னேன். மிச்சத் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் விடிந்ததும் பையோடு வாசலில் நின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாவுது, வா" என்றாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் வரிசையாக பெஞ்சு. எல்லா பெஞ்சிலும் நம் வயது ஆம்பிளைகள், பக்கத்தில் அவரவர் பெண்டாட்டி, மடியில் பைல். எங்கள் முறை வந்தது. கதவு திறந்தே இருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர். பைலைப் புரட்டினார். தலையைத் தூக்கி, என்னைப் பார்க்காமல் சுந்தரியைப் பார்த்தார்.

"வீட்ல என்னம்மா சமைச்சுப் போடறீங்க?"

சுந்தரி என்னைப் பார்த்தாள். நீ எழுதியிருந்தாயே, வள்ளி பார்த்தாள் என்று. அதே பார்வையாகத்தான் இருக்கும். எனக்கு மூக்கில் குழாய் இல்லை.

"அவளைக் கேக்காதீங்க டாக்டர். அவ போட்டதை நான் மாட்டுக்குப் போட்டேன். துன்னது நான், என்னைக் கேளுங்க" என்றேன்.

என் குரல்தான் தெரியுமே. பாய்லர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை. வெளி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கிறது. டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "சொல்லுங்க" என்றார். ஆறு மணி போண்டாவிலிருந்து ஆரம்பித்தேன். வெளியே வரும்போது பெஞ்சில் இருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து வீட்டில் அன்றைக்கு நல்ல சண்டை நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தரணியைக் கூப்பிட்டு என் பழைய பதிலையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இனிமேல் கேட்கிறவர்களிடம் எல்லாம் நின்றுகொண்டு தின்றதைத் தனியாகக் கேட்கிறாளாம். இத்தனை நாள் கேட்ட ஐந்நூறு பேரையும் மறுபடி கேட்க வேண்டும் என்று என்னைத் திட்டினாள். இப்போதும் அங்கிள் என்றுதான் திட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் பஸ்ஸில் சுந்தரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். காட்பாடி தாண்டியது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த போண்டா நல்லா இருந்துதா?"

"உன் களி மாதிரி வருமா?"

"பொய் சொல்லாதய்யா. நல்லா இல்லாமயா இத்தினி வருஷம் துன்னே?"

"நல்லாத்தான் இருந்துது" என்றேன்.

அவள் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்க்கலாம் என்றால், நெஞ்சில் இரண்டு ஸ்பிரிங்கோடு எட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். டீக்கடையில் எண்ணெய் காய்கிற வாசனை. என் கால் தன்னால் நின்றது. சுந்தரி என் கையைப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வா. உக்காந்து துன்னு" என்றாள்.

உட்கார்ந்து தின்னும் உன் மாப்பிள்ளை
சண்முகம்